பேட்டரி தேய்ந்தால் போனையே மாற்ற வேண்டுமா?

(தேசிய நுகர்வோர் தினத்தன்று நடந்த ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்தில், நிர்வாகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)

 

இன்று டிசம்பர் 24. 1986-ஆம் ஆண்டு இதே நாளில்தான் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அதனால்தான் இதை தேசிய நுகர்வோர் தினம் என்று கொண்டாடுகிறோம். இந்த நாளில் வழக்கமாக எடைக்கல், கலப்படம், காலாவதி தேதி என்று பேசுவோம். அதெல்லாம் நமக்கு இப்போது நன்றாகவே தெரியும். மளிகைக் கடையில் பாக்கெட்டைத் திருப்பித் தேதி பார்க்காமல் நம்மில் யாரும் வாங்குவதில்லை. இந்த முறை, நாம் எல்லோரும் கையில் வைத்திருந்தும் திருப்பிப் பார்க்காத ஒரு பொருளைப் பற்றிப் பேசப் போகிறோம். அதுதான் போன்.

முதலில் ஒரு கேள்வி. டச் போன் வாங்கி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனவர்கள் கை தூக்குங்கள். சரி. அதில், போன் வாங்கிய புதுசில் இருந்த மாதிரியே இப்போதும் வேகமாக இருக்கிறது என்பவர்கள் மட்டும் கையை இறக்குங்கள். பார்த்தீர்களா, ஒரு கைகூட இறங்கவில்லை!

இதை ஏன் கூட்டமைப்பில் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. சில மாதங்களுக்கு முன்பு நம் குழு ஒன்றில் கணக்கு எழுதும் சகோதரி உள்கடன் கேட்டு விண்ணப்பம் வைத்தார். தொகை 12,000 ரூபாய். காரணம், புது போன் வாங்க. அவருடைய போன் 30 சதவீதம் சார்ஜ் காட்டும்போதே பொட்டென்று அணைந்துவிடும். குழுக் கணக்கைப் பதிய போனைத் திறந்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பேங்கில் இருந்து ஓடிபி வரும் நேரம் பார்த்து போன் செத்துவிடும். டவுனில் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். கடைக்காரர் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "இது பழசாயிடுச்சும்மா, இனிமே தேறாது. புதுசு வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டார்.

குழுவில் எல்லோரும் கடன் கொடுக்கச் சம்மதம்தான். அப்போது இட்லிக்கடை வைத்திருக்கும் நம் அக்கா ஒருத்தர் கேட்டார்: "ஏம்மா, சைக்கிள் டயர் தேஞ்சா டயரை மாத்துவோமா, சைக்கிளையே மாத்துவோமா?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்விதான் அந்தச் சகோதரியைக் காப்பாற்றியது. போன் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போய்ப் பார்த்தார். பேட்டரி போய்விட்டது என்றார்கள். 1,400 ரூபாயில் புது பேட்டரி போட்டு, பில்லும் கொடுத்தார்கள். போனில் அடைந்து கிடந்த வீடியோக்களையும் அழித்தார். இன்றைக்கும் அதே போனில்தான் குழுக் கணக்கு ஓடுகிறது. மாசம் 1,000 ரூபாய் அசலும் அதற்கு மேல் வட்டியும் என்று ஒரு வருஷம் கட்டியிருக்க வேண்டிய கடன், தேவையில்லாமல் போனது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வேறொரு சகோதரி 350 ரூபாய்க்கு எங்கேயோ ஒரு டூப்ளிகேட் பேட்டரி போட்டார். பில் வாங்கவில்லை. இரண்டே மாதத்தில் பேட்டரி உப்பி, போனின் முதுகு பிளந்துவிட்டது. போய்க் கேட்டால், "எங்க கடையிலதான் போட்டீங்கன்னு என்ன ஆதாரம்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த இரண்டு அனுபவத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி பழசானால் போன் ஏன் தடுமாறுகிறது? இது நமக்குப் புரியாத விஷயமே இல்லை. சாயங்காலம் ஊரில் எல்லோரும் மோட்டார் போடும் நேரத்தில் நம் வீட்டில் என்ன ஆகிறது? டியூப் லைட் மினுக்மினுக்கென்று எரியும். மிக்ஸி முனகும். லோ வோல்டேஜ் என்கிறோம். போனுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. போனில் இருப்பது லித்தியம் அயான் என்ற வகை பேட்டரி. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏற்றி இறக்கும்போதும் அதற்குள் இருக்கும் ரசாயனம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. தேயத் தேய, பேட்டரி வைத்திருக்கும் மின்சாரமும் குறைகிறது, கேட்ட நேரத்தில் கேட்ட வேகத்தில் கொடுக்கும் சக்தியும் குறைகிறது. சும்மா மணி பார்க்க அது போதும். கேமராவைத் திறந்தாலோ, வீடியோ பார்த்தாலோ, போனின் மூளைக்கு ஒரே நேரத்தில் நிறைய மின்சாரம் வேண்டும். பழைய பேட்டரியால் கொடுக்க முடியாது. வோல்டேஜ் இறங்கும். போன் அணைந்துவிடும். 30 சதவீதம் இருக்கும்போதே ஏன் அணைகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

சார்ஜ் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்றைக்கு 60 சதவீதம், நாளைக்கு 40 சதவீதம் செலவானால், இரண்டும் சேர்ந்து 100. அதுதான் ஒரு சுற்று. ஐபோன் 14 வரையிலான ஐபோன்களின் பேட்டரி, 500 சுற்று ஓடிய பிறகும் புதுசில் இருந்த கொள்ளளவில் 80 சதவீதம் வைத்திருக்கும்படி செய்யப்பட்டது என்று ஆப்பிள் கம்பெனி சொல்கிறது. ஐபோன் 15 முதல் அது 1,000 சுற்று. தினம் ஒரு சுற்று ஓட்டினால் 500 சுற்று ஒன்றரை வருஷத்திலேயே முடிந்துவிடும். ஆகவே பேட்டரி தேய்வது யாருடைய குற்றமும் இல்லை. டயர் தேய்வது போல, செருப்பு தேய்வது போல, அது இயற்கை.

அப்படியென்றால் எங்கே குற்றம்? அதற்குத்தான் அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். உலகத்திலேயே விலை உயர்ந்த போன்களில் ஒன்றான ஐபோனிலேயே இது நடந்தது.

பேட்டரி பழசான ஐபோன்கள் திடீர் திடீரென்று அணைகின்றன என்று புகார் வந்தது. 2017 ஜனவரியில் ஆப்பிள் ஒரு அப்டேட் அனுப்பியது. போன் அணைவது குறைந்தது. ஆனால் போன் மெதுவாகிவிட்டது. மோட்டார் ஓடும்போது மிக்ஸியை நிறுத்தி வைப்பது போல, பேட்டரி தாங்காத நேரத்தில் போனின் வேகத்தைக் குறைக்கும்படி அந்த அப்டேட்டில் ஏற்பாடு செய்திருந்தார்கள். இதை வாங்கியவர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை. ஜனங்கள் என்ன நினைத்தார்கள்? "போன் பழசாயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்றுதான் நினைத்தார்கள். நம் சகோதரியிடம் கடைக்காரர் சொன்ன அதே வார்த்தை!

அந்த ஆண்டு டிசம்பரில் ஒருவர் தன் பழைய ஐபோனுக்குப் புது பேட்டரி போட்டார். போன் பழையபடி வேகமாகிவிட்டது. அதை எல்லோருக்கும் எழுதித் தெரிவித்தார். போன்களின் வேகத்தை அளக்கும் ஒரு கம்பெனியை நடத்தும் ஜான் பூல் என்பவர், ஏராளமான போன்களின் வேகக் கணக்கை எடுத்துப் பார்த்து, வேகம் குறைந்திருப்பது உண்மைதான் என்று வெளியிட்டார். 2017 டிசம்பர் 20-ஆம் தேதி ஆப்பிள் அதை ஒப்புக்கொண்டது. போன் திடீரென அணையாமல் இருக்கத்தான் இப்படிச் செய்தோம் என்று விளக்கம் சொன்னது. டிசம்பர் 28-ஆம் தேதி வாடிக்கையாளர்களிடம் மன்னிப்பும் கேட்டது. பேட்டரி மாற்றும் கட்டணத்தை அமெரிக்காவில் 79 டாலரில் இருந்து 29 டாலராகக் குறைத்தது. இந்தியாவில் 6,500 ரூபாயாக இருந்தது சுமார் 2,000 ரூபாய் ஆனது. 2018-ல் வந்த அப்டேட்டில் பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று நாமே பார்க்கும் வசதியையும், வேகக் குறைப்பை நிறுத்தும் வசதியையும் கொடுத்தது.

இங்கேதான் நாம் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். ஆப்பிள் சொன்ன காரணம் பொய்யா? பொய் இல்லை. பழைய பேட்டரிக்கு அது உதவிதான். பிறகு ஏன் இவ்வளவு சண்டை?

நம் குழுவை வைத்தே சொல்கிறோம். ஒரு குழுவின் ஊக்குநர், உறுப்பினர் யாரிடமும் கேட்காமல், தீர்மானப் புத்தகத்தில் எழுதாமல், சேமிப்பில் இருந்து ஒரு தொகையை எடுத்து வேறு கணக்கில் போட்டுவிட்டார் என்று வையுங்கள். கேட்டால், "குழுவோட நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்கிறார். நிஜமாகவே நல்லதுக்காகவே இருக்கட்டும். நாம் ஒத்துக்கொள்வோமா? மாட்டோம். பணம் நம்முடையது. சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். எழுதி வைக்க வேண்டும். போனும் அப்படித்தான். காசு கொடுத்து வாங்கியவர் நாம். பேட்டரி மாற்றினால் போதும் என்று தெரிந்திருந்தால், எத்தனையோ பேர் புது போனுக்குப் பணம் போட்டிருக்க மாட்டார்கள். உண்மையை மறைத்ததால் அவர்களுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

பல நாட்டு அதிகாரிகளும் இதையேதான் பார்த்தார்கள். 2018 அக்டோபரில் இத்தாலி நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது. அப்டேட் போட்டதால் பழைய போன் மெதுவான இன்னொரு விவகாரத்தில் சாம்சங் கம்பெனிக்கும் 50 லட்சம் யூரோ அபராதம். 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் நாட்டில் ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ அபராதம். அப்டேட் போட்டால் போன் மெதுவாகலாம் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லாமல் விட்டதுதான் அங்கே குற்றச்சாட்டு.

அமெரிக்காவில் ஐபோன் வாங்கியவர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2020-ல் 50 கோடி டாலர் வரை கொடுக்க ஆப்பிள் சமரசத்துக்கு வந்தது. தவறு செய்ததாக அது ஒப்புக்கொள்ளவில்லை. அதே ஆண்டு நவம்பரில், பல மாநிலங்கள் சேர்ந்து நடத்திய விசாரணையை முடிக்க 11.3 கோடி டாலர் கொடுக்கவும் சம்மதித்தது. வாடிக்கையாளர்கள் கைக்குப் பணம் வந்தது 2024 ஜனவரியில். ஒரு போனுக்குச் சுமார் 92 டாலர். ஆறு வருஷம் காத்திருந்தார்கள். தனி ஒருத்தர் 92 டாலருக்காக அவ்வளவு பெரிய கம்பெனியை எதிர்த்து நின்றிருக்க முடியுமா? முடியாது. கூட்டாக நின்றதால்தான் நடந்தது. கூட்டாக நிற்பதைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சட்டங்களும் மாறி வருகின்றன. ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் புது மாடல் போன்களின் பேட்டரி, 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைத் தாங்க வேண்டும். மாடல் விற்பனை நின்ற பிறகும் 7 வருஷத்துக்கு முக்கியமான உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும்.

நம் நாட்டில் என்ன வசதி இருக்கிறது? இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2019-ஆம் ஆண்டின் புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டப்படி, பொருள் விற்றுவிட்டோ வேலை செய்து கொடுத்துவிட்டோ பில் தராமல் இருப்பதே நேர்மையற்ற வணிக முறை. ஆகவே பில் கேட்க நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. அது நம் உரிமை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இதற்குக் கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம். "ஒரு போன் பண்ணினா என்ன ஆகிடும்?" என்று நினைக்காதீர்கள். ஐபோனில் புது அப்டேட் போட்ட பிறகு போன் சரியாக வேலை செய்யவில்லை என்று இந்த உதவி எண்ணுக்குப் புகார்கள் வந்தன. அவற்றின் பேரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிள் கம்பெனியிடம் பதில் கேட்டு நோட்டீஸ் அனுப்பியதாக 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரே தெரிவித்தார். யாரோ சிலர் போன் செய்து சொன்னதுதான் அதற்கு ஆரம்பம்.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பிரச்சினை வந்த நாளில் இருந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். பொருளுக்கு நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் பில் வேண்டும். 350 ரூபாய் பேட்டரி போட்ட நம் சகோதரி மாட்டிக்கொண்டது அந்த ஒரு துண்டுக் காகிதம் இல்லாததால்தான்.

இனி, போன் மெதுவானால் நாம் செய்ய வேண்டியவை:

1. முதலில் இடத்தைப் பாருங்கள். எல்லா மெதுவுக்கும் பேட்டரி காரணம் இல்லை. காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் நிறைந்து இடம் இல்லாமல் போனாலும் போன் மெதுவாகும். வேண்டாததை அழியுங்கள். போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

2. பேட்டரி அறிகுறிகளைக் கவனியுங்கள். 20, 30 சதவீதத்திலேயே அணைவது, சார்ஜ் சட்டென இறங்குவது, சார்ஜரில் போட்டிருக்கும்போது மட்டும் நன்றாக வேலை செய்வது, இவையெல்லாம் பேட்டரி தேய்ந்ததன் அடையாளம். ஐபோனிலும் சில ஆண்ட்ராய்டு போன்களிலும் செட்டிங்ஸில் பேட்டரி என்ற பகுதியில் அதன் நிலைமையைப் பார்க்கலாம். வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் காட்டுவார்கள்.

3. கடையில் "புதுசு வாங்குங்க" என்றால், "பேட்டரி மாத்தினா சரியாகுமா? எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். ஒரே கடையோடு நிற்காமல் கம்பெனி சர்வீஸ் சென்டரிலும் விசாரியுங்கள். பேட்டரிக்கு உத்தரவாதம் எத்தனை மாதம் என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கொடுப்பதற்கு முன்பு போட்டோ, நம்பர்களை வேறு இடத்தில் பதிந்து வையுங்கள்.

4. ஆனால் மாற்றுவதிலும் கணக்குப் பாருங்கள். போன் ரொம்பப் பழையது, கம்பெனி அப்டேட் கொடுப்பதையே நிறுத்திவிட்டது, பேங்க் செயலி இறங்கவில்லை என்றால், புது பேட்டரி போட்டும் பிரயோஜனம் இருக்காது. அப்போது புது போன் வாங்குவதே சரி.

5. வெயிலில் இருந்து காப்பாற்றுங்கள். பேட்டரிக்கு முதல் எதிரி சூடு. 35 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் பேட்டரி நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம் என்கிறார்கள். நம் ஊரில் சித்திரை மாதம் நிழலிலேயே அந்தச் சூடு இருக்கும்! அடுப்புப் பக்கம், ஓட்டு வீட்டு ஜன்னல் வெயில், வண்டியின் முன்பெட்டி, இங்கெல்லாம் வைக்காதீர்கள். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடவே கூடாது.

6. பேட்டரி உப்பினால் உடனே நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், அமுக்காதீர்கள். தீப்பிடிக்கும். குப்பையிலோ அடுப்பிலோ போடாமல் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் கையில் சிக்கவே கூடாது.

சகோதரிகளே, நம்மில் பலருக்கு முதன்முதலாகச் சொந்தப் பெயரில் வந்த பொருளே இந்த போன்தான். வீடு அவர் பெயரில், வண்டி பிள்ளை பெயரில். போன் மட்டும் நம் சிறுவாட்டுக் காசில் வாங்கியது. பேங்க் செய்தி அதில்தான் வருகிறது. நாம் செய்யும் ஊறுகாய்க்கும் கூடைக்கும் ஆர்டர் அதில்தான் வருகிறது. "உனக்கு ஒண்ணும் தெரியாது, இது அவ்வளவுதான்" என்று ஒருவர் சொன்னதும் தலையாட்டிவிட்டு, கடன் வாங்கி இன்னொன்று வாங்குவதா? ரேஷன் கடையில் எடை போடும்போது முள்ளைப் பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள் நாம். பேங்க் மேனேஜரிடம் வட்டிக் கணக்கைக் கேட்கக் கற்றுக்கொண்டவர்கள் நாம். இதையும் கேட்போம்.

ஆகவே இன்று ஒரு தீர்மானம் முன்வைக்கிறோம். போன் வாங்க உள்கடன் கேட்டு விண்ணப்பம் வந்தால், "பேட்டரியைச் சோதித்துப் பார்த்தீர்களா?" என்று குழு ஒரு கேள்வி கேட்க வேண்டும். சோதித்துப் பார்த்த பிறகும் புதுசு வேண்டும் என்றால் தாராளமாகக் கடன் கொடுக்கலாம். போன் பில், பேட்டரி பில் இரண்டையும் பாஸ்புக்கோடு ஒரே பையில் போட்டு வைக்க வேண்டும். பில் கொடுக்க மறுக்கும் கடை எது என்று குழுவில் சொல்ல வேண்டும். ஒருவருக்குச் சொன்னால் அது புலம்பல். கூட்டமைப்புக்குச் சொன்னால் அது புகார்.

ஒப்புதல் என்பவர்கள் கை தூக்குங்கள். நல்லது. இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுகிறோம்.